சிவப்பு மையும் கட்டுரை நோட்டும்



மஃரிபுக்குப் பின் நமது மதரஸாவில் நடைபெறும் ஆங்கில வகுப்பைத் தேடி, சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவனின் தந்தை வந்திருந்தார். கையில் மகனுடைய கட்டுரை நோட்டு. "ஹஜ்ரத், பையன் எழுதினதுல இவ்வளவு தப்பு இருக்கு, எனக்கே தெரியுது. நீங்க ரெண்டு இடத்துல மட்டும் கோடு போட்டிருக்கீங்க. மத்ததெல்லாம் சரின்னு அவன் நினைச்சுக்க மாட்டானா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. வேறொரு டியூஷனில் பக்கம் முழுவதும் திருத்தித் தருகிறார்கள் என்றும் தயங்கிச் சொன்னார். இஷாவுக்கு நேரமாகிவிட்டதால் நாம் இரண்டு வார்த்தைகளில் பதில் சொல்லி அனுப்பினோம். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்தக் கட்டுரை அவருக்கான முழுப் பதில்.

பதிலுக்கு முன் ஓர் ஒப்புதல். ஒரு காலத்தில் நாமும் பக்கம் முழுவதும் திருத்தியவர்களே. அப்போது நம்மிடம் படித்த ஒரு சிறுவன், நோன்புப் பெருநாளுக்குப் பாட்டி ஊருக்குப் போன கதையை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவந்தான். படகு, மழை, தொலைந்துபோன செருப்பு என்று எல்லாம் அதில் இருந்தது. நாம் உட்கார்ந்து ஒரு பிழை விடாமல் சிவப்பு மையால் திருத்தினோம். முடித்தபோது அவன் எழுதிய நீல மையைவிட நமது சிவப்பு மை அதிகமாகத் தெரிந்தது. மறுவாரம் அவன் தந்த கட்டுரை நான்கே வரி. அந்த நான்கு வரியில் ஒரு பிழையும் இல்லை! 'மிகவும் நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பிழை ஏன் இல்லை என்பது விளங்க நமக்குப் பல மாதங்கள் ஆயின. பிழை வரக்கூடிய எதையும் எழுதாமலிருக்க அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

பிறமொழி கற்பவனின் பிழையைத் திருத்துவது புதிய விவகாரம் அன்று. அரபு இலக்கணத்தின் தந்தை எனப் போற்றப்படும் சீபவைஹி பாரசீகர். அரபு அவர் தாய்மொழி அன்று. இளமையில் பஸ்ராவில் ஹம்மாத் இப்னு ஸலமாவின் ஹதீஸ் வகுப்பில் அமர்ந்திருந்தபோது, 'லைஸ' என்ற சொல்லுக்குப் பின் வந்த ஒரு பெயரை 'அபா' என்று படிக்க வேண்டிய இடத்தில் 'அபூ' என்று படித்துவிட்டார். ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் பிழையைச் சுட்டினார். இனி ஒருவரும் தம்மிடம் பிழை காண முடியாத அளவுக்கு இந்தக் கலையைத் தேடுவேன் என்று சீபவைஹி உறுதிகொண்டு கலீலிடம் போய்ச் சேர்ந்தார் என்று சரிதை நூல்கள் சொல்கின்றன. ஒரே ஒரு திருத்தத்திலிருந்து 'அல்கிதாப்' பிறந்தது என்று நம் உஸ்தாத்கள் இந்த நிகழ்வைச் சொல்லி மகிழ்வார்கள். நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதே வகுப்பில் அதே போல் திருத்தப்பட்டு, மறுநாள் வராமலே போன மாணவர்கள் எத்தனை பேரோ! அவர்களைப் பற்றி யாரும் சரிதை எழுதுவதில்லை.

ஆங்கிலத்துக்கு வருவோம். வெளிநாட்டார் ஆங்கிலத்தை எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறார்கள் என்று அளக்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் ஒரு தேர்வை ஏற்படுத்தியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல் ஆகியவற்றோடு ஆங்கிலக் கட்டுரையும் அதில் உண்டு. முதலாண்டில் எழுத வந்தவர்கள் மூவர், மூவரும் தேறவில்லை. அந்தக் காலத்தில் கட்டுரை என்பது தேர்வுக்குரிய பொருளாகவும் திருத்தம் என்பது மதிப்பெண்ணுக்குரிய கணக்காகவுமே இருந்தன. திருத்துவதால் மாணவன் கற்கிறானா என்ற கேள்வி எழவில்லை. அது எழுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

இடையில் அமெரிக்காவில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1941இல் தொடங்கப்பட்ட ஆங்கில மொழி நிறுவனத்தில் சார்லஸ் ஃப்ரைஸும், பின்னர் அவருடைய மாணவர் ராபர்ட் லாடோவும் வகுத்த வழியில், மொழி என்பது பழக்கம் என்ற கொள்கை வேரூன்றியது. திரும்பத் திரும்பச் சொன்னால் பழக்கம் வரும். பிழையாக ஒருமுறை சொன்னால் அந்தப் பிழையும் பழக்கமாகும். ஆகவே மாணவன் பிழை செய்ய வாய்ப்பே தரக் கூடாது. எழுத்து பின்னுக்குத் தள்ளப்பட்டது. எழுதினாலும் கொடுத்த வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதும் பயிற்சிதான். 1960இல் வெளிவந்த நெல்சன் புரூக்ஸின் நூல் பிழையைப் பாவத்தோடு ஒப்பிட்டது: தவிர்க்க வேண்டியது, ஆனால் இருக்கும் என எதிர்பார்க்க வேண்டியது என்ற பொருளில்.

இந்த ஒப்புமையைப் படித்தபோது நாம் சற்றே நின்றோம். பிழையையும் பாவத்தையும் ஒரு தட்டில் வைப்பது நமக்கு ஏற்புடையதன்று. மறந்தோ தவறியோ செய்ததற்குப் பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் அதனால் விளைந்ததைச் சரிசெய்யும் பொறுப்பு நீங்குவதுமில்லை என்பது ஃபிக்ஹ் படிக்கும் சிறுவனும் அறிந்தது. கட்டுரை நோட்டுக்கும் இந்தப் பிரிப்பு பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

மாற்றம் 1967இல் வந்தது. எடின்பரோவில் பணியாற்றிய பிட் கார்டர், மாணவர் செய்யும் பிழைகளின் பயன் என்ன என்று கேட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் செய்த முதற்காரியம், கைத்தவறையும் பிழையையும் பிரித்தது. களைப்பாலும் கவனக்குறைவாலும் வருவது கைத்தவறு. சுட்டினால் மாணவனே திருத்திக்கொள்வான். பிழை என்பது அப்படிப்பட்டதன்று. மாணவன் தன் மனத்துக்குள் கட்டிக்கொண்டிருக்கும் மொழியின் ஒரு விதி அது. நம் விதியோடு அது இன்னும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் பிழை என்பது நோய் அன்று, ஒரு செய்தி. மாணவன் எதுவரை வந்திருக்கிறான் என்று ஆசிரியருக்கு அது சொல்கிறது. 1972இல் லாரி செலிங்கர் இந்த இடைநிலை மொழிக்குத் தனிப் பெயரே வைத்தார்.

நம் வீட்டுக் குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம். ஆங்கிலம் படிக்கும் சிறுவன் 'கோ' என்பதன் இறந்த காலத்தை 'கோட்' என்று எழுதுகிறான். யாரும் அவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கிருந்து வந்தது? மற்ற வினைச்சொற்களுக்குரிய விதியை அவன் தானே கண்டெடுத்து இங்கே பொருத்தியிருக்கிறான். சிவப்பு வட்டம் போடும் கை ஒரு கணம் தயங்கத்தான் வேண்டும்.

கார்டர் திறந்த கதவின் வழியே கேள்விகள் வரிசையாக வந்தன. 1978இல் ஜேம்ஸ் ஹென்ட்ரிக்சன் அவற்றை ஐந்தாகத் தொகுத்தார்: பிழையைத் திருத்த வேண்டுமா, எப்போது, எவற்றை, எவ்வாறு, யார் திருத்துவது? கேள்விகள் எளிமையானவை. ஆனால் இவற்றுக்கு அனுபவத்தைக் கொண்டு பதில் சொல்லிவிட முடியாது. வகுப்பறையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பரவியது.

அத்தகைய சோதனைகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம். முதலாவது ஆங்கிலம் பற்றியதன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் முதலாண்டு ஜெர்மன் மொழி படித்த 141 கல்லூரி மாணவர்களை ஹாரியட் செம்கே நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவின் எழுத்துக்குப் பொருள் குறித்த கருத்துரை மட்டும், ஒன்றுக்குப் பிழை திருத்தம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும், நான்காவது குழுவுக்குப் பிழையின் வகையைக் குறிக்கும் குறியீடு மட்டும் இட்டு, மாணவர்களையே திருத்தச் சொன்னார். 1984இல் வெளிவந்த முடிவு ஆசிரியர் உலகைத் திடுக்கிட வைத்தது. பிழையின் அளவில் நான்கு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தடையின்றி எழுதுவதில் கருத்துரை மட்டும் பெற்றவர்களே முன்னே சென்றார்கள். தாமே திருத்திக்கொள்ளுமாறு விடப்பட்டவர்களின் நிலையே மிகவும் மோசம்.

இரண்டாவது சோதனை ஜப்பானில், ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படித்த முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர் 134 பேரிடம் நடந்தது. ராப், ராஸ், ஷார்ட்ரீட் என்ற மூவர் 1986இல் இதை வெளியிட்டனர். ஒரு குழுவுக்கு எல்லாப் பிழைகளும் திருத்தித் தரப்பட்டன. அடுத்ததற்குக் குறியீடுகள். மூன்றாவதற்குப் பிழையுள்ள இடத்தில் மஞ்சள் மையால் தீற்றல் மட்டும். நான்காவதற்கு அந்த வரியில் எத்தனை பிழை என்ற எண் மட்டும் ஓரத்தில். ஆண்டு முழுவதும் எழுதியதில் எல்லோருமே முன்னேறினார்கள். முழுமையாகத் திருத்தப்பட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மேம்பட்டுவிடவில்லை. ஆசிரியர் செலவழித்த மணிநேரத்துக்கு ஈடான பலன் கிடைக்கவில்லை என்பதே அவர்கள் கண்டது. ஓர் இரவில் நாற்பது நோட்டுகளைத் திருத்தும் எவருக்கும் இந்தச் செய்தி கசக்கும். கூடவே ஒரு நிம்மதியையும் தரும்.

இந்தப் பின்னணியில் 1996ஆம் ஆண்டு வந்தது. தைவானின் சிங்சூ நகரில் உள்ள தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஜான் டிரஸ்காட், அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்று திரட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மாணவர் எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது அதன் முடிவு. குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை; விட்டுவிடுங்கள் என்றார்.

அவர் காட்டிய காரணங்களை நாம் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. மொழியின் விதிகள் மனத்தில் ஓர் ஒழுங்கில் படிப்படியாகப் பழுக்கின்றன. அந்தப் படிக்கு வராத மாணவனுக்கு அதற்குரிய திருத்தத்தைத் தருவது பிஞ்சைத் தடியால் தட்டுவது போன்றது. திருத்தத்தால் வருவது பல வேளைகளில் போலிக் கல்வி. அடுத்த தேர்வுவரை நினைவில் நின்று கலைந்துபோகும் அறிவு. ஆசிரியர் சில பிழைகளைக் காணத் தவறுகிறார். கண்டதையும் விளக்கத் தவறுகிறார். விளக்கினாலும் மாணவனுக்குப் புரிவதில்லை. புரிந்தாலும் அவன் மறக்கிறான். இத்தனைக்கும் மேலாக, திருத்தத்தால் கேடும் உண்டு என்றார். மாணவன் ஊக்கம் இழக்கிறான். பிழைக்கு அஞ்சிக் குறைவாகவும் எளிமையாகவும் எழுதுகிறான்.

இந்தக் கடைசி வாதத்தைப் படித்தபோது நமக்கு அந்த நான்கு வரிக் கட்டுரை நினைவுக்கு வந்தது.

டிரஸ்காட்டுக்கு மறுப்பு கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து வந்தது. டேனா ஃபெர்ரிஸ் 1999இல் எழுதிய பதிலின் சாரம், தீர்ப்பு அவசரமானது என்பதே. நீங்கள் சேர்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. பலவற்றில் திருத்தமே பெறாத குழு இல்லை. தெளிவாகவும் தேர்ந்தெடுத்தும் திருத்தினால் சிலருக்கேனும் பயன் உண்டு என்றார். அவர் தந்த ஒரு பிரிப்பு இன்றும் பயன்படுகிறது. விதி சொல்லி விளக்கக்கூடிய பிழைகள் ஒரு வகை; எழுவாய்க்கேற்ற வினைமுடிவு போன்றவை. விதிக்குள் அடங்காதவை இன்னொரு வகை. சொல் தேர்வு, வாக்கியம் முழுவதும் குழம்பிக் கிடத்தல் போன்றவை. முதல் வகையை மாணவனே திருத்தும்படி சுட்டலாம். இரண்டாவதற்கு ஆசிரியர்தான் சரியான வடிவத்தைத் தர வேண்டும்.

மாணவர்கள் திருத்தத்தை விரும்புகிறார்கள் என்பதும் ஃபெர்ரிஸின் வாதங்களில் ஒன்று. அது உண்மை. 1991இல் இலோனா லெக்கி 100 மாணவர்களைக் கேட்டபோது, தங்கள் பிழைகள் அனைத்தும் காட்டப்பட வேண்டும் என்பதே பெரும்பாலோரின் விருப்பமாக இருந்தது. விரும்புகிறார்கள் என்பதால் அது நல்லதாகிவிடுமா என்று டிரஸ்காட் திருப்பிக் கேட்டார். இந்த இடத்தில் நாம் முழுவதும் அவர் பக்கமும் இல்லை. மாணவனும் பெற்றோரும் கேட்பதை ஆசிரியர் அடியோடு மறுத்தால், அவர்கள் அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் நோட்டை நீட்டிய அந்தத் தந்தையின் மனத்தில் இருந்ததும் அதுதான்.

அடுத்த பத்தாண்டுகள் இந்த வழக்கின் விசாரணை போல நடந்தன. 2001இல் ஃபெர்ரிஸும் ராபர்ட்ஸும் 72 மாணவர்களை மூன்று குழுவாக்கிப் பார்த்தனர்: குறியீடு, வெறும் அடிக்கோடு, எதுவுமே இல்லை. தம் கட்டுரையைத் தாமே திருத்தச் சொன்னபோது முதல் இரு குழுக்களும் மூன்றாவதை எளிதாக வென்றன. முதல் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அதாவது பிழையின் வகையைக் குறியீட்டால் சொல்ல ஆசிரியர் படும் பாடு, ஒரு கோடு இழுப்பதைவிட அதிகப் பலன் தரவில்லை.

இது வெற்றிதானே என்று கேட்கலாம். அந்தக் கட்டுரையைத் திருத்தினான். அடுத்த கட்டுரையில் சரியாக எழுதினானா? இதுதான் டிரஸ்காட் விடாமல் கேட்ட கேள்வி. 2008இல் அவரும் ஏஞ்சலா சூவும் தைவானில் 47 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் இதையே சோதித்தார்கள். பிழைகளுக்கு அடிக்கோடு பெற்றவர்கள் தம் கதையைத் திருத்தி எழுதுகையில் மற்றவர்களைவிட மிக நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய கதை எழுதச் சொன்னபோது இரு குழுவும் சமம். நோட்டு திருந்தியது, மாணவன் திருந்தவில்லை என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

அதே ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து மாற்றுச் சாட்சியம் வந்தது. ஜான் பிட்சனர் எல்லாப் பிழைகளையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு சிறு விதியை எடுத்தார். ஆங்கிலத்தில் ஒன்றை முதன்முதலாகக் குறிப்பிடும்போது 'எ'. மறுமுறை அதையே குறிப்பிடும்போது 'தி'. 75 மாணவர்கள். சிலருக்குத் திருத்தம் மட்டும், சிலருக்குத் திருத்தத்தோடு விதி விளக்கம், ஒரு குழுவுக்கு எதுவுமில்லை. இரண்டு மாதம் கழித்துப் புதிதாக எழுதச் சொன்னபோதும் திருத்தம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட முன்னே நின்றார்கள். பின்னர் உட் நாக் என்பவரோடு சேர்ந்து பத்து மாதம் வரை தொடர்ந்து பார்த்தார், பலன் நீடித்தது.

இந்த 'எ', 'தி' விதியில் சற்று நிற்க விரும்புகிறோம், நம் வகுப்பில் அதிகம் உழைத்தது இதில்தான். தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. 'ஒரு' உண்டு, அதுவும் எல்லா இடத்திலும் வராது. 'தி'க்கு ஈடாக எதுவுமே இல்லை. எனவே தமிழ்ப் பிள்ளைகள் இதை விட்டுவிடுவார்கள், அல்லது எல்லா இடத்திலும் தூவுவார்கள். எத்தனை முறை சிவப்பு மையால் 'தி' என்று மேலே எழுதினாலும் மறுவாரம் அதே கதை. ஒருநாள் நஹ்வு பாடத்தில் சூரா அல்முஸ்ஸம்மிலின் 15, 16ஆம் வசனங்களை எடுத்துக்கொண்டிருந்தோம். தூதரைக் குறிக்கும் சொல் முதல் வசனத்தில் 'ரஸூலன்' என்று அலிஃப் லாம் இல்லாமல் வருகிறது. அடுத்த வசனத்தில் 'அர்ரஸூல்' என்று அலிஃப் லாமோடு வருகிறது. முன்பு சொன்ன அதே தூதர் என்பதற்காக. அரபு இலக்கண நூல்கள் இந்த விதிக்குத் தரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இது. ஆங்கில வகுப்புக்கும் வரும் மாணவன் ஒருவன் கையை உயர்த்தி, "உஸ்தாத், அப்ப 'எ'யும் 'தி'யும் இதே மாதிரிதானா?" என்று கேட்டான். இதே மாதிரிதான். ஆக்லாந்தில் மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட விதி விளக்கத்தை நம் பிள்ளைகள் ஏற்கெனவே மனனம் செய்திருந்தார்கள். இரண்டையும் இணைத்துக் காட்டும் வேலை மட்டும் பாக்கியிருந்தது. அதை நாம் அதுவரை செய்யவில்லை. (எல்லா இடத்திலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. 'வாழ்க்கை கடினமானது' என்று பொதுவாகச் சொல்ல அரபில் அலிஃப் லாம் வேண்டும். ஆங்கிலத்தில் 'தி' கூடாது. அது வேறொரு நாளைய பாடம்.)

பிட்சனரின் முடிவையும் கேள்வியின்றி ஏற்கவில்லை. ஒரே ஒரு விதியில், அதுவும் சொல்லில் அடக்கக்கூடிய எளிய விதியில் கிடைத்த வெற்றியை மொழி முழுவதற்கும் நீட்ட முடியாது என்றார்கள். அவரே முன்னதாக 2005இல் இருவரோடு சேர்ந்து 53 மாணவர்களிடம் செய்த ஆய்வில் இதற்குச் சான்று இருக்கிறது. எழுத்துத் திருத்தத்தோடு தனித்தனியாக ஐந்து நிமிடம் நேரில் பேசியும் விளக்கியபோது, இறந்த கால வினையிலும் 'தி'யிலும் முன்னேற்றம் தெரிந்தது. 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற முன்னிடைச்சொற்களில் தெரியவில்லை. அவற்றுக்கு விதியைவிட வழக்கே பெரிது. படித்துப் படித்துக் காது பழக வேண்டும்.

குறிப்பிட்ட பிழையை மட்டும் திருத்துவது நல்லதா, எல்லாவற்றையும் திருத்துவதா என்ற வழக்கு இதிலிருந்து கிளைத்தது. நெதர்லாந்தில் பல மொழி பேசும் உயர்நிலைப் பள்ளி மாணவர் 268 பேரிடம் டச்சு மொழியில் செய்யப்பட்டு 2012இல் வெளிவந்த ஆய்வு, எல்லாப் பிழைகளையும் திருத்தியதும் பலன் தந்தது என்கிறது. நான்கு வாரம் கழித்தும் அது தெரிந்தது. திருத்தப்பட்டவர்கள் அஞ்சி எளிமையாக எழுதவும் இல்லையாம். நமது நான்கு வரிச் சிறுவனுக்கு எதிரான சாட்சியம் இது. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2015இல் 21 ஆய்வுகளைத் தொகுத்து அளந்த காங், ஹான் இருவரும் திருத்தத்தால் பொதுவில் பலன் உண்டு, ஆனால் அது மாணவனின் தரத்தையும் சூழலையும் பொறுத்துக் கூடும் குறையும் என்று கண்டார்கள். டிரஸ்காட்டின் 'விட்டுவிடுங்கள்' என்ற தீர்ப்பு அப்படியே நிலைக்கவில்லை. 'பக்கம் முழுவதும் திருத்தினால் பிள்ளை தேறிவிடும்' என்ற பழைய நம்பிக்கையும் நிலைக்கவில்லை.

ஆசிரியரின் கை எவ்வளவு சரியானது என்பதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஹாங்காங்கில் ஐஸி லீ 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே குரலில் முழுத் திருத்தத்தையே விரும்பினார்கள். அந்த ஆசிரியர்கள் செய்து காட்டிய திருத்தங்களை எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிதான் சரியாக இருந்தது. ஆங்கிலம் நமக்கும் தாய்மொழி அன்று. இதைப் படித்த அன்று பழைய நோட்டுகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தோம். மாணவன் சரியாக எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை நாம் சிவப்பு மையால் தவறாக்கியிருந்தது கண்ணில் பட்டது. அவன் அதற்குக் கீழே நாம் சொன்னபடியே மூன்று முறை எழுதியும் வைத்திருந்தான். அவனை அழைத்து, பிழை நம்முடையது என்று சொன்னோம். அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். நமக்குத்தான் அன்று இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

இப்போது கைப்பேசியிலேயே பிழை திருத்தும் செயலிகள் வந்துவிட்டன. நொடியில் பக்கத்தைத் தூய்மையாக்கித் தருகின்றன. அவை திருத்துவதும் நோட்டைத்தான். 2008இல் தைவானில் கேட்ட கேள்வியை அந்தச் செயலியிடமும் கேட்கலாம்: அடுத்த வாரம் செயலி இல்லாமல் எழுதும்போது என்ன ஆகிறது?

அந்தத் தந்தை சென்ற மாதம் மீண்டும் வந்தார். இந்தக் கதையில் பாதியைச் சொல்வதற்குள் தேநீர் ஆறிவிட்டது. "அப்ப மத்த தப்பையெல்லாம் எப்பதான் திருத்துவீங்க, ஹஜ்ரத்?" என்று கேட்டார். "ஒவ்வொண்ணா வரும், பாய். இந்த மாசம் 'தி' மட்டும். நோட்டோட முதல் பக்கத்துல அதை எழுதி வச்சிருக்கோம், மத்தது சரின்னு அவன் நினைச்சுக்க மாட்டான்" என்றோம். அவர் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். 'இந்த மாதம் நாம் பார்ப்பது: எ, தி' என்று அவர் மகனின் கையெழுத்திலேயே இருந்தது. கடந்த முறை அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. அவருக்கு அதைக் காட்ட நமக்கும் தோன்றியிருக்கவில்லை.

"சரி ஹஜ்ரத், அடுத்த மாசம் ஸ்பெல்லிங் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நாம் இறந்த கால வினையை நினைத்திருந்தோம். அவர் மகனிடம் கேட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறோம்.

அந்த நான்கு வரிச் சிறுவன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். பெருநாளன்று ஸலாம் சொல்ல வந்திருந்தபோது, பாட்டி ஊர்க் கட்டுரையை நினைவிருக்கிறதா என்று கேட்டோம். நினைவில்லை என்றான். தொலைந்த செருப்பைப் பற்றிக் கேட்டதும், "அது கிடைச்சிடுச்சு உஸ்தாத், படகுக்கு அடியில இருந்துச்சு. ரெண்டாவது பக்கத்துல எழுதணும்னு வச்சிருந்தேன்" என்றான்.